கனடாப் பிரசை யாழ்ப்பாணத்தில் காணி வாங்கலாமா?

கேள்வி: நான் இணுவிலில் பிறந்தவள். 1990இல் கனடாவுக்கு வந்தேன்; இப்போது கனடாப் பிரசை. வயது 57. ஓய்வு பெற்ற பிறகு பனிக்கால மாதங்களை ஊரில் கழிக்க ஆசைப்படுகிறேன். அம்மா இரண்டு பரப்பு (ஒரு ஏக்கரில் எட்டில் ஒன்று) வளவில், எங்கள் பழைய வீட்டில்தான் இன்னமும் இருக்கிறார். பக்கத்து வளவு, வீடும் கிணறுமாக நான்கு பரப்பு, விலைக்கு வந்திருக்கிறது. அதற்கு உரித்தாளர்கள் நான்கு சகோதரர்கள். இருவர் ஊரில், ஒருவர் ஜெர்மனியில், ஒருவர் பிரான்சில். உங்கள் பழைய அடையாள அட்டையை வைத்தே உறுதி (காணிப் பத்திரம்) எழுதலாம் என்கிறார் தரகர். பயமாக இருந்தால் தங்கையின் மகன் பெயரில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். பாதிப் பணத்தை உடனே உண்டியலில் (வங்கிக்கு வெளியே, ஆட்கள் மூலம்) அனுப்ப வேண்டுமாம், வேறொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். என்ன செய்யட்டும்?
வாசகி, ரொறன்ரோ

அன்புள்ள சகோதரிக்கு,

பணம் அனுப்பாதீர்கள். முற்பணமாகக்கூட ஒரு சதமும் வேண்டாம். காரணங்களைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். இந்தப் பதிலை நீங்கள் படித்து முடிப்பதற்குள் தரகரின் அடுத்த தொலைபேசி அழைப்பு வந்துவிடக்கூடும் என்பதால் இதை முதலில் சொல்லிவைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் காணியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். வேலி, கிணறு, அம்மாவின் படலையிலிருந்து அந்த வீட்டு வாசலுக்கு எத்தனை எட்டு என்பது வரை இருக்கிறது. காணியைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்? இணுவிலில் பிறந்து, அந்த மண்ணில் ஓடித் திரிந்த உங்களைப் பார்த்து இதைச் சொல்வது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: இலங்கைச் சட்டத்தின்படி நீங்கள் இன்று வெளிநாட்டவர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டப்படி, இன்னொரு நாட்டின் பிரசாவுரிமையைத் தாமாக விரும்பிப் பெற்றுக்கொள்பவரின் இலங்கைப் பிரசாவுரிமை தானாகவே அற்றுப்போகிறது. அதற்கென்று யாரும் கடிதம் அனுப்புவதில்லை. கந்தோரிலிருந்து ஒரு தாளும் வருவதில்லை. அதனால்தான் எத்தனையோ பேர், பிரசாவுரிமை போய் முப்பது வருடம் ஆன பிறகும், அது தங்களிடம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெளிநாட்டவருக்குக் காணி விற்பதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. காணி பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள் பற்றிய சட்டம் அது. 2014 ஒக்டோபரில் நிறைவேறினாலும் 2013 ஜனவரி 1 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. தனி ஆளான வெளிநாட்டவர், வெளிநாட்டுக் கம்பனி, பாதி அல்லது அதற்கு மேற்பட்ட பங்கு வெளிநாட்டவர் கையில் உள்ள உள்நாட்டுக் கம்பனி ஆகியோருக்குக் காணியின் உரித்தை மாற்ற முடியாது. மீறி எழுதப்படும் உறுதி வெற்று உறுதி. தண்டப்பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளும் விடயமல்ல இது. ஆரம்பத்திலிருந்தே அந்த உறுதிக்குச் செல்லுபடி கிடையாது. நீங்கள் பணம் கொடுத்திருப்பீர்கள், வீட்டில் குடியிருப்பீர்கள், மதிலும் கட்டியிருப்பீர்கள். ஆனால் காணி விற்றவருடையதாகவே இருக்கும். பத்து வருடம் கழித்து அவருடைய பிள்ளைகள் வந்து கேட்டால் உங்களிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இதற்கு முன் இருந்த ஏற்பாடு வேறு. 2004 முதல், வெளிநாட்டவர் காணி வாங்கினால் அதன் பெறுமதிக்குச் சமமான தொகையை, அதாவது நூறு சதவீதத்தை, வரியாகக் கட்ட வேண்டியிருந்தது. அந்த நினைவில் இன்றும் சிலர், வரியைக் கட்டிவிட்டால் வாங்கலாம்தானே என்று கேட்கிறார்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று வரி கட்டி வாங்கும் வழி இல்லை.

அடையாள அட்டை விடயத்துக்கு வருகிறேன். புலம்பெயர்ந்த பலரிடம் அந்தப் பழைய அட்டை பத்திரமாக இருக்கிறது. அதில் இருக்கும் இலக்கத்தை உறுதியில் எழுதிவிட்டால் எல்லாம் சரி என்று தரகர்கள் சொல்கிறார்கள். அட்டை உங்கள் அடையாளத்தைக் காட்டும். போன பிரசாவுரிமையைத் திருப்பிக் கொண்டுவராது. நீங்கள் கனடாக் கடவுச்சீட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிய பதிவு குடிவரவுத் திணைக்களத்தில் இருக்கும். இலங்கைப் பிரசை என்று நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னால் சொல்லி நீங்கள் வைத்த கையெழுத்து உறுதியில் இருக்கும். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு எதிரி போதும். காணி விடயத்தில் எதிரி பெரும்பாலும் வேலிக்கு அடுத்த பக்கத்திலேயே இருப்பார். இப்படி எழுதச் சம்மதிக்கும் நொத்தாரிசிடம் வேறு எந்த உறுதியையும் எழுதுவிக்காதீர்கள்.

கனடாவில் நிரந்தர வதிவுரிமை மட்டும் வைத்திருந்து, அந்நாட்டுப் பிரசாவுரிமை எடுக்காதவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் இன்னமும் இலங்கைப் பிரசைகள். உங்கள் குடும்பத்தில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று எழுதவில்லை. ஒரே வீட்டில் கணவன் ஒரு நிலையிலும் மனைவி வேறு நிலையிலும் இருப்பதுண்டு. அதனால் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பெறாமகன் பெயரில் எழுதும் யோசனையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். உங்கள் தங்கையின் மகன் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். நான் அவரைச் சந்தேகிக்கவில்லை. நல்ல பிள்ளைகளுக்கும் கலியாணம் நடக்கும், கடன் வரும், விபத்து வரும். உறுதி அவர் பெயரில் இருக்கும்வரை காணி அவருடையது. கடன்காரர் வழக்குப் போட்டால் அந்தக் காணிதான் ஏலத்துக்கு வரும். அவர் கண்மூடினால் காணி அவருடைய மனைவி பிள்ளைகளுக்குப் போகும், உங்களுக்கு வராது. கலியாணத்துக்குப் பிறகு வாங்கிய சொத்து என்றால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையின்படி அது தேடியதேட்டம் என்ற கேள்வியும் எழும், மனைவி தன் பாதியைக் கேட்கலாம். 'காசு கொடுத்தது நான், அவர் எனக்காக வைத்திருக்கிறார்' என்று நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் கீழ் வாதாடலாமே என்பீர்கள். சாதாரண நிலையில் வாதாடலாம். ஆனால் ஒரு சட்டத் தடையைச் சுற்றிப் போவதற்காகவே செய்த ஏற்பாடு என்பதை நீங்களே ஒப்புக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்க வேண்டிவரும். அந்த நிலையில் நீதிமன்றம் உங்களைக் காப்பாற்றும் என்று சொல்லி உங்களை அதில் இறக்கிவிட எனக்கு மனம் வராது.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறாரே தரகர், எப்படி மாற்றுவது? விற்க முடியாது, நீங்கள் அப்போதும் வெளிநாட்டவர். நன்கொடை என்றால் சட்டம் வாரிசாக வரும் நெருங்கிய உறவினருக்குத்தான் விலக்குத் தருகிறது. மனைவியும் பிள்ளைகளும் உள்ள ஒருவருக்குப் பெரியம்மா அந்த இடத்தில் வருவாரா? இந்தக் கேள்வியைத் தரகரிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனையோ குடும்பங்களில் அக்கா தங்கை பேச்சு நின்றுபோனது இப்படி எழுதிய காணிகளால்தான். பதினைந்து வருடம் ஒரே வீட்டில் பொங்கல் பொங்கியவர்கள், யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்ற விறாந்தையில் ஆளுக்கொரு வாங்கில் இருப்பதைக் கண்டிருக்கிறேன். உங்களுக்கு அது வேண்டாம்.

இனி நல்ல செய்திக்கு வருவோம். சட்டம் உங்களுக்கு ஒரு நேரான வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. இரட்டைப் பிரசாவுரிமை பெற்றவருக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை பொருந்தாது. இழந்த பிரசாவுரிமையைக் கனடாப் பிரசாவுரிமையை விடாமலே மீளப்பெற, பிரசாவுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இடம் தருகிறது. விண்ணப்பிக்கத் தகுதியுள்ள வகைகளில் ஒன்று, 55 வயதைக் கடந்தவர்கள் என்பது. உங்களுக்கு 57. சொத்து, வைப்புப் பணம், கல்வித் தகைமை என்று வேறெதையும் காட்டி அலைய வேண்டியதில்லை; வயது ஒன்றே போதும். ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தின் வழியாகவே விண்ணப்பிக்கலாம். பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், கனடாப் பிரசாவுரிமைச் சான்றிதழ், பொலிஸ் நற்சான்று ஆகியவற்றைத் தயார்செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், விவாகச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டு, கடவுச்சீட்டில் மூன்றாவது என்று இருந்தால் அதை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்களின் விண்ணப்பங்கள் அதிகம் இழுபடுவது இந்த இடத்தில்தான். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். அந்தக் காத்திருப்புக்குப் பயந்துதான் மற்றக் குறுக்குவழிகளை எல்லோரும் தேடுகிறார்கள். நீங்கள் காத்திருங்கள். சான்றிதழ் கையில் வந்த பிறகு எழுதும் உறுதி உங்கள் சொந்தப் பெயரிலேயே இருக்கும்.

அம்மாவின் இரண்டு பரப்புக்கு இந்தக் காத்திருப்புக்கூடத் தேவையில்லை. வெளிநாட்டவரான பிள்ளைக்குத் தாய் நன்கொடையாகவோ மரணசாதனத்தாலோ (உயிலாலோ) காணி கொடுப்பதையும், ஒன்றும் எழுதாமல் தாய் காலமானால் அது பிள்ளைக்கு உரிமைவழி இறங்குவதையும் சட்டம் தடுக்கவில்லை. அம்மாவும் தங்கையும் மனமொத்து இருந்தால், அம்மா தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு நன்கொடை உறுதி எழுதலாம். அவர் இருக்கும்வரை வீடு அவருடைய ஆட்சியிலேயே இருக்கும்; ஒருவரும் அவரை வீட்டைவிட்டு எழுப்ப முடியாது. தங்கைக்குத் தெரியாமல் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். நாளை உங்கள் பிள்ளைகளுக்கும் இதே விலக்குப் பொருந்தும். கனடாவில் பிறந்தவர்களானாலும் உங்களிடமிருந்து அவர்கள் உரிமை பெறலாம்.

இன்னொரு வழி குத்தகை. வெளிநாட்டவர் 99 வருடம் வரை காணியைக் குத்தகைக்கு எடுக்கலாம். பனிக்காலத்தில் வந்து தங்கிப் போக மட்டும்தான் வீடு வேண்டும் என்றால், நொத்தாரிசு முன் எழுதிப் பதிவுசெய்த முப்பது வருடக் குத்தகை மோசமான யோசனை அல்ல. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்களுக்குக் கூரை மட்டும் போதாது, மண் வேண்டும் என்று தெரிகிறது. கொழும்பில் அடுக்குமாடி வீடு வாங்குவதற்கு வேறு விலக்கு உண்டு. முழுப் பணமும் உறுதி எழுதுவதற்கு முன்பே வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். அது உங்கள் கேள்வி அல்ல என்பதால் விட்டுவிடுகிறேன்.

சரி, இரட்டைப் பிரசாவுரிமை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது அந்த நான்கு பரப்பின் கடதாசிகள்.

நான்கு சகோதரர்கள் என்றதுமே நான் கேட்பது, காணி பிரிபட்டதா என்பதைத்தான். தகப்பன் தாயிடமிருந்து வந்த முதுசொம் பெரும்பாலும் பிரிபடாமலே கிடக்கும். உறுதியில் 'பிரிவிடாத நாலில் ஒரு பங்கு' என்றிருக்கும். ஊரில் இருக்கும் இருவர் வேலியைக் காட்டி, இந்தப் பக்கம் எங்களுடையது என்பார்கள். அந்த வேலிக்குச் சட்டத்தில் இடமில்லை. பிரிவிடாத பங்கு வாங்கியவர் ஒவ்வொரு மாமரத்திலும் கால் பங்குக்காரர். எந்த மாமரமும் முழுதாக அவருடையதல்ல. பங்கு பிரிக்க 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம். அந்த வழக்குகள் ஒரு தலைமுறையைத் தின்னும். வெளிநாட்டில் இருந்துகொண்டு பிரிவிடாத பங்கை வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. நால்வரும் ஒரே உறுதியில் முழுக் காணிக்கும் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லையேல் விலகுங்கள்.

வடமாகாணக் காணிக்கு மட்டும் உரிய இன்னொரு விடயமும் இங்கே வருகிறது. தேசவழமை முன்னுரிமைக் கொள்வனவு பற்றிய 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி, பங்காளி ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்குமுன் மற்றப் பங்காளிகளுக்கும் தனக்கு வாரிசாக வரக்கூடியவர்களுக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அறிவிக்காமல் விற்றால் அவர்கள் வழக்குப் போட்டுக் காணியைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். பிரான்சில் இருக்கும் சகோதரருக்குச் சொல்லாமல் மற்ற மூவரும் விற்றால் நடக்கக்கூடியது இதுதான். விற்பவர்களில் கலியாணமான பெண் இருந்தால், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரிமைவழிக் கட்டளைச்சட்டம் அவருக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்கிறது. அந்தக் கையொப்பம் இல்லாத குறை பல வருடம் கழித்துத்தான் வெளியே வரும்.

ஜெர்மனிக்காரரும் பிரான்ஸ்காரரும் நேரில் வராமல் அற்றோணித் தத்துவம், அதாவது தங்களுக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் பத்திரம், அனுப்புவார்கள். அந்தப் பத்திரத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். 'காணியைப் பராமரிக்க' என்று எழுதியிருந்தால் விற்கும் அதிகாரம் அதில் இல்லை. இந்தக் காணியை, அதன் பெயரும் எல்லைகளும் சொல்லும் அட்டவணையோடு, விற்றுப் பணம் பெற்றுக்கொள்ள அதிகாரம் தருவதாக எழுதியிருக்க வேண்டும். இலங்கையில் பதிவாகியிருக்கவும் வேண்டும். கொடுத்தவர் இறந்தால் அற்றோணியும் அவரோடு முடிந்துவிடும். உறுதி எழுதும் நாளில், அற்றோணி கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, சம்மதத்தோடு இருக்கிறாரா என்று அவரை வீடியோ அழைப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதைச் சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

இனி உறுதியும் தோம்பும் (காணிப் பதிவேடு). தரகர் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு பக்கப் படம் இதில் சேராது. யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பதிவேட்டுப் பக்கங்களின் பிரதியை உங்கள் சட்டத்தரணி நேரில் எடுக்க வேண்டும். குறைந்தது முப்பது வருடத்துக்காவது பின்னோக்கிப் போக வேண்டும். யாரிடமிருந்து யாருக்கு அறுதியாக (விலைக்கு) வந்தது, எங்கே நன்கொடை, எங்கே ஈடு (அடமானம்), அந்த ஈடு மீண்டதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் மூல உறுதி தொலைந்துவிட்டது, இதோ பதிவகப் பிரதி என்பார்கள். பலருக்கு அது உண்மையாகவே நடந்தது. தென்மராட்சிக்கும் வன்னிக்கும் ஓடும்போது பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டா போவார்கள்? ஆனாலும் மூல உறுதி எங்காவது யாருடைய கையிலாவது ஈடாக இருக்கிறதா என்று விசாரிக்காமல் பிரதியை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

பதிவேட்டில் திடீரென்று ஒரு பிரகடன உறுதி தென்பட்டால் அங்கேயே நில்லுங்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆண்டு வருகிறேன், ஆகவே இது என்னுடையது என்று ஒருவர் தாமே எழுதிப் பதிவது அது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம் பத்து வருடத் தடையற்ற, எதிரிடையான ஆட்சியால் உரிமை வரலாம் என்கிறது உண்மைதான். ஆனால் அந்த ஆட்சியை நிரூபிக்க வேண்டிய இடம் நீதிமன்றம். தாமே எழுதிய தாள் அதை நிரூபிக்காது. அதிலும் யுத்தத்தால் உரிமையாளர் வெளியேறிக் கிடந்த காணிகள் நிறைந்த ஊர் நம்முடையது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை அப்படித் தடுக்கப்பட்டவர்களுக்காக 2016இல் தனியாகச் சிறப்புச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், இது எவ்வளவு பரவலான காயம் என்று பாருங்கள். இன்னொருவரின் அந்தக் காயத்தின் மேல் உங்கள் வீடு அமையக் கூடாது.

உறுதியின் கடைசியில் வரும் அட்டவணையை மட்டும் நீங்களே ஆற அமர வாசியுங்கள். காணியின் பெயர் முதலில் வரும். கலட்டி, புலம், வளவு என்று முடியும் பெயராக இருக்கலாம். பிறகு பரப்புக் கணக்கு. பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். பிறகு நான்கு எல்லைகள்: கிழக்கே இன்னார் காணி, வடக்கே ஒழுங்கை என்று. அந்த 'இன்னார்' ஐம்பது வருடத்துக்கு முன் செத்துப்போனவராக இருப்பார். இன்றைய அயலவர் யார் என்று புதிய நில அளவைப் படம் சொல்ல வேண்டும். அதற்கும் பிறகு வருகிற வரியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்: 'இதிலுள்ள வீடு, கிணறு, வான்பயிர்' (மரங்கள்) என்று இருக்கிறதா, அல்லது 'கிணற்றில் பங்கும் வழி வாய்க்காலும்' என்று இருக்கிறதா? பங்குக் கிணறு என்றால் அதே கிணற்றில் அள்ள இன்னும் சிலருக்கு உரிமை உண்டு. அவர்கள் உங்கள் வளவுக்குள்ளால் நடந்து வர உரிமையும் உண்டு. மதில் கட்டி அவர்களை மறிக்க முடியாது. உங்கள் அம்மாவுக்கே அந்தக் கிணற்றில் பங்கு இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காணி பார்க்கும் வேறு வாசகர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே பல காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள், அளிப்புக் காணிகள். பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. வெள்ளைத் தாளில் எழுதி, கிராம அலுவலரின் கையெழுத்தோடு 'விற்கும்' வழக்கம் இருக்கிறது. அதற்குப் பெறுமதி இல்லை. கடற்கரைக் காணி என்றால், உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அங்கே கட்டுவதற்கு வேறு அனுமதி வேண்டும். வயல் காணியை நிரப்பி வீடு கட்டுவதற்கு 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கும்.

கடதாசி சரியாக இருந்தாலும் காணி சரியாக இருக்க வேண்டுமே. நீங்கள் ஊருக்கு வருவது ஆடி, ஆவணி விடுமுறையில், கோயில் திருவிழாவோடு. அப்போது மண் காய்ந்து, வளவு அழகாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை கொட்டும். யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பகுதி அந்த மூன்று மாதத்தில்தான். கார்த்திகையில் ஒருநாள், நல்ல மழை விட்ட மறுநாள் காலை, அந்த ஒழுங்கையில் யாரையாவது நடந்து பார்க்கச் சொல்லுங்கள். மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம்? நம் நிலம் சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது விரைவில் கீழே போய்ச் சேரும். தோட்டச் செய்கை நிறைந்த செம்மண் பகுதிகளில் உரத்தின் நைத்திரேற்று கிணற்று நீரில் கலந்திருப்பது தெரிந்த விடயம். அயலூரான சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பானது. எனவே கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். பழைய வீட்டின் தீராந்திகளையும் கதவு நிலைகளையும் தட்டிப் பார்க்க ஒரு நல்ல தச்சரைக் கூட்டிப்போங்கள். கறையான் தின்ற பனஞ்சலாகை வெளியே பார்க்க முழுதாகவே இருக்கும்.

கடைசியாகப் பணம். உண்டியல் வேண்டாம். உண்டியலில் போன பணத்துக்கு உங்கள் கையில் தடயம் இருக்காது. தகராறு வந்தால் கொடுத்தீர்கள் என்று காட்ட முடியாது. வங்கி வழியாக, உங்கள் பெயரில் திறந்த, வெளிநாட்டிலிருந்து முதலீட்டுப் பணம் வருவதற்கான உள்முக முதலீட்டுக் கணக்கினூடாக அனுப்புங்கள். நாளை நீங்களோ பிள்ளைகளோ காணியை விற்றுப் பணத்தைக் கனடாவுக்குக் கொண்டுபோக நினைத்தால், இந்த வழியில் வந்த பணம் என்பதுதான் உதவும். விலையைக் குறைத்து எழுதலாம், முத்திரைச் செலவு மிச்சம் என்று சொல்வார்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு மூன்று சதவீதம், மீதிக்கு நான்கு சதவீதம், வாங்குபவர் கட்டுவது. அதை மிச்சம் பிடிக்கப் போய், உரித்தில் குறை வந்து பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாளில் உறுதியில் எழுதிய சிறு தொகையோடு நிற்க வேண்டிவரும். உண்மை விலையை எழுதுங்கள். நொத்தாரிசு முன்னால், வங்கிக் காசோலையாக, நால்வருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். உறுதியின் இரண்டாம் பிரதி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போயிருக்க வேண்டும். போய்ப் பதிவானதா என்று பதிவேட்டுப் பிரதியை மறுபடி எடுத்துப் பாருங்கள். பதியாமல் கிடக்கும் உறுதியை, பின்னால் எழுதி முன்னால் பதிந்த உறுதி வென்றுவிடும்.

விற்பவருக்கு ஒரு நொத்தாரிசு, தரகர் கூட்டிவரும் அதே ஆளே உங்களுக்கும் என்று இருக்கக் கூடாது. உங்களுக்கென்று ஒருவரை நீங்களே பிடியுங்கள்; அவருக்குக் கூலி நீங்கள் மட்டும் கொடுங்கள்.

வேறொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தரகர் அவசரப்படுத்துகிறாரே, அதற்கும் பதில் தருகிறேன். நால்வர் உரித்து, இருவர் வெளிநாட்டில், அற்றோணி இன்னும் வரவில்லை. அந்தக் காணி எவருக்கும் ஒரு மாதத்தில் கைமாறாது. உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஊரில் இருக்கும் இரு சகோதரர்களையும் அம்மா மூலமாக நேரில் சந்தித்து, இரட்டைப் பிரசாவுரிமை கிடைத்ததும் வாங்க விருப்பம், நால்வரும் சேர்ந்து எழுதுவதென்றால் பேசலாம் என்று சொல்லுங்கள். அயல் வீட்டுக்காரர்கள் தரகரை விட உங்கள் அம்மாவின் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒருவேளை அவர்கள் காத்திருக்காமல் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், மனம் நோகும்தான். அப்போதும் அம்மாவின் இரண்டு பரப்பு உங்களுக்கு இருக்கிறது. இரண்டு பரப்பில் இரண்டு அறையும் விறாந்தையுமாக ஒரு நல்ல வீடு தாராளமாகக் கட்டலாம்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியவை இரண்டு. துணைத்தூதரகத்தில் இரட்டைப் பிரசாவுரிமை விண்ணப்பத்துக்கு நாள் எடுங்கள். அம்மாவின் வளவுக்குரிய உறுதி வீட்டில் எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். அவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே, அது யாரிடமிருந்து எப்போது வந்தது, சீதனமா முதுசொமா, எழுதிய நொத்தாரிசு யார் என்பதையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த விபரங்களோடு மறுபடி எழுதினால் நன்கொடை உறுதியைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.